நான் கேட்ட ஒரேயொரு தவணை

மட்டக்களப்பு நீதிமன்றங்களில் அண்மையில் தொழிலைத் தொடங்கியிருக்கும் இளம் சட்டத்தரணிகளுக்கு,

உங்கள் மலருக்குப் பணி அனுபவம் ஒன்றை எழுதித் தருமாறு கேட்ட கடிதம் கிடைத்தது. அதில் என்னைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த அறிமுகத்தில், "நாற்பதாண்டுத் தொழிலில் தமக்கென்று ஒரு தவணைகூடக் கேட்டறியாதவர்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அது பிழை. ஒரு தவணை கேட்டிருக்கிறேன். தன்னைத் தாழ்த்திப் பேசிப் பிறரிடம் பாராட்டு வாங்கும் பழக்கம் என்னிடம் ஒருபோதும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. அச்சில் ஏறப்போகும் பிழையைத் திருத்துவது என் கடமை என்பதனாலேயே இதை எழுதுகிறேன்.

வழக்கை வேறொரு திகதிக்குத் தள்ளிப்போடும் இந்தத் தவணை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது வெளியே நிற்பவருக்கு என்னவாக இருக்கிறது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்களா என்பது எனக்கு ஐயம். கதிரவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்தவர், பகல் பதினொரு மணிக்குத் தம் பெயர் கூப்பிடப்பட்டதும் கூண்டருகே ஓடுகிறார். இரண்டு சட்டத்தரணிகள் எழுந்து ஏதோ சொல்லி அமர்கிறார்கள். நீதிமன்ற முதலியார் ஒரு திகதியை உரத்துச் சொல்கிறார். அவ்வளவுதான். அந்த மனிதர் மீண்டும் மூன்று மாதம் கழித்து அதே பஸ்ஸில் வருவார். பதிவாளரின் அறையில் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கப்பட்டிருக்கும் வழக்கேடுகளில் பாதி, தீர்க்க முடியாத சிக்கல்களால் அங்கே கிடக்கவில்லை. நம்முடைய மரியாதைகளால் கிடக்கின்றன.

ஆம், மரியாதைகளால். "சொந்தக் காரணம்" என்று ஒரு சட்டத்தரணி எழுந்து சொன்னால் அது என்ன காரணம் என்று எவரும் கேட்பதில்லை. எதிர்த்தரப்பில் நிற்பவர் ஆட்சேபிப்பதில்லை. நீதிபதியும் துருவுவதில்லை. மகளின் திருமணமாக இருக்கலாம், பல்வலியாக இருக்கலாம், வழக்கேட்டைப் படிக்காமல் வந்ததாகவும் இருக்கலாம். கேட்பது பண்பல்ல என்பது நம் தொழிலின் வழக்கம். மற்றவர்கள் கேட்ட தவணைகளுக்கு நானும் ஒருநாளும் ஆட்சேபனை தெரிவித்ததில்லை. ஆனால் அந்த ஒரு தடவை தவிர நான் கேட்டதில்லை. தந்தையாரின் மரணச் சடங்குக்கு மறுநாளே கோட்டு அணிந்து வந்து வாதாடியவன் நான். அந்தப் பெருமை என்னிடம் இருந்தது, மறைக்கவில்லை.

நான் சொல்ல வந்த வழக்கு, யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர், மாரி தொடங்கிய நாட்களில் வந்தது.

வாவியைப் பற்றி, வெளியூரிலிருந்து வந்திருக்கும் உங்களில் சிலருக்காக ஒரு விளக்கம். வாவியும் கடலும் சந்திக்கும் முகத்துவாரத்தை ஆண்டின் பெரும்பகுதி மணல் மூடியிருக்கும். மழை பெய்து வாவி நிறைந்தால், மேற்கே படுவான்கரையிலுள்ள வயல்களுக்குள் தண்ணீர் ஏறும். அப்போது அந்த மணலை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் வெள்ளம் வடியும். ஆனால் வாவி இறாலும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். ஆகவே விவசாயிகள் "வெட்டு" என்பார்கள், மீனவர்கள் "பொறு" என்பார்கள். ஆண்டுதோறும் மாவட்டச் செயலகமான கச்சேரியில் கூட்டம் கூட்டி, சத்தம் போட்டு, கதிரைகளைத் தள்ளிவிட்டு எழுந்து போய், மறுபடி வந்து அமர்ந்து, எப்படியோ ஒரு முடிவுக்கு வருவார்கள். பெரியகல்லாற்றுப் பக்கத்துத் தெற்கு முகத்துவாரத்தைப் பொறுத்தவரை அந்த முடிவு ஒரு பாலத்தூணில் சிவப்புக் கோடாகத் தீட்டப்பட்டிருந்தது. தண்ணீர் கோட்டைத் தொட்டால் மறுநாள் காலை மணலை வெட்டும் பெக்கோ இயந்திரம் வரும்.

இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

என்னிடம் வந்தவர் என் கல்லூரியின் பழைய மாணவர். கல்லூரிக் கழுத்துப்பட்டி அணிந்தே வந்தார். வாவியைப் பாதுகாக்கும் மன்றம் ஒன்றின் தலைவர் என்று தம்மை அறிமுகப்படுத்தினார். "சேர், எங்கட சனத்துக்குச் சட்டம் தெரியாது. அதிகாரிகள் நினைச்ச நேரம் ஆத்துவாயை வெட்டுறாங்க. மீன்குஞ்சு, இறால்குஞ்சு எல்லாம் அழியுது. ஏழை மீனவனுக்கு ஆர் பேசுற? நீங்கதான்" என்றார். கட்டணத்தைப் பற்றி அவர் வாய் திறக்கும் முன்னரே, பொதுநல வழக்குக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை என்றேன்.

நான் கனிஷ்டராக இருந்த காலத்தில் என்னுடைய மூத்த சட்டத்தரணி இதற்கு நேர்மாறான கருத்துடையவர். "பொதுநல வழக்கானால் ஒரு ரூபாயாவது வாங்கும். அப்போதுதான் கட்சிக்காரனைச் சந்தேகிக்கும் உரிமை உமக்கு வரும்" என்பார். அதை நான் அவருடைய கருமித்தனம் என்று எண்ணியிருந்தேன். பணம் தந்த கட்சிக்காரர் எவரையும் நான் குறைந்தது இரண்டு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டதில்லை. இவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இலவசமாகச் செய்யும் நல்ல காரியத்தில் சந்தேகம் நாகரிகமற்றதாகத் தோன்றியது. என் பெருந்தன்மை எனக்கே பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

மனுவை நானே எழுதினேன். இன்றும் அதன் மொழிக்காக நான் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதன் பதினோராம் பந்தியில், "இவ்விடயம் தொடர்பில் மீனவர்களுடன் எவ்வித இணக்கமும் எக்காலத்திலும் எட்டப்படவில்லை" என்று எழுதினேன். கட்சிக்காரர் வாயால் சொன்னது. அழுத்தம் கொடுத்தது என் பேனா. மேல் நீதிமன்றம் பதினான்கு நாட்களுக்கு முகத்துவாரத்தை வெட்டக்கூடாது என இடைக்காலத் தடை விதித்தது. மறுநாள் பத்திரிகையில் என் படம் வந்தது.

பதினான்காம் நாள் காலை மழை பெய்துகொண்டிருந்தது. நீதிமன்ற வாசலில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் எனக்காகக் காத்து நின்றார்கள். பெண்ணின் கையில் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கடதாசி. ஆணின் சாரம் முழங்கால்வரை நனைந்திருந்தது.

"ஐயாதானே ஆத்துவாய் வழக்குப் பேசுற?" என்றார் அந்தப் பெண்.

எதிர்த்தரப்பினருடன் நான் நேரில் பேசுவது முறையல்ல என்றேன்.

"நாங்க எதிர்த்தரப்பு இல்ல ஐயா. எங்கட பேர் அந்த வழக்கில ஒரு இடத்திலயும் இல்லயாம். கேட்டுப் பாத்தம். அதான் ஒங்களிட்டயே வந்தம்."

"என்ர பேர் இருக்கு" என்றார் உடன் நின்றவர். "வாவி மீனவர் சார்பில எண்டு போட்டிருக்காம். நான் வாவி மீனவன்தானே. நான் வழக்குப் போட்டது எனக்கே நேத்துத்தான் தெரியும்."

"பகிடி விடுற நேரமா அண்ணன் இது?"

"பகிடி இல்ல. வள்ளம் ஒண்டு இல்ல, வலை ஒண்டு இல்ல, கழுத்தில பட்டி கட்டின ஆள் எனக்குத் தலைவராம். நான் அழவா?"

அவர் சீனித்தம்பி, தெற்கு வாவியில் மீன்பிடிக்கும் சங்கத்தின் உண்மையான தலைவர். பெண்ணின் பெயர் பூமணி. படுவான்கரையில் வட்டை எனப்படும் வயல்வெளியொன்றின் விவசாயிகள் அமைப்புக்குச் செயலாளர். பையிலிருந்து எடுத்த கடதாசி, இரண்டு மாதங்களுக்கு முன் கச்சேரியில் நடந்த கூட்டத்தின் குறிப்பு.

"இது இவர்ர கையெழுத்து. இது என்ர. தண்ணி செவத்தக் கோட்டத் தொட்டா மறுநாள் வெட்டுற. ரெண்டு பகுதியும் ஒத்துக்கொண்டம். இவரச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு ஐயா, கதிரையத் தூக்கி எறியாத குறை."

"நான் எறியல்ல. தள்ளினன்."

கோட்டைத் தொட இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒரு சாண். இந்த மழை விடாட்டி நாளைக்கு, இல்லாட்டி நாளையிண்டைக்கு." பூமணியின் குரல் இறங்கியது. "வெள்ளாமை குடலையில நிக்கிது ஐயா. கதிர் உள்ளுக்க இருக்கு. இப்ப மூழ்கினா ஒண்டும் மிஞ்சாது. காணி என்ர இல்ல, போடியார்ர. அவரக் கூட்டிக்கொண்டு போன நாளிலயிருந்து" — யுத்த காலத்தில் கொண்டுபோகப்பட்ட கணவரைச் சொன்னார் என்று பின்னர் புரிந்துகொண்டேன் — "அந்த மூணு ஏக்கரையும் நாந்தான் செய்யிறன். போன போகமும் பூச்சி அடிச்சிட்டு. இந்தப் போகமும் அழிஞ்சா காணிய வேற ஆளுக்குக் குடுக்கிற எண்டு போடியார்ர மகன் சொல்லிப்போட்டான். இந்தக் கடுதாசிய மட்டும் நீதவானுக்குக் காட்டுங்க ஐயா. வேற ஒண்டும் வேணாம்."

கடதாசியை வாங்கி என் கோப்புக்குள் வைத்தேன். பார்க்கிறேன் என்றேன்.

படிகளில் ஏறும்போது கட்சிக்காரர் எதிர்ப்பட்டார். "சேர், இண்டைக்கு ஒரு தவணை எடுத்துத் தடையை நீட்டினாக் காணும். மறுகா வழக்கு எங்க போனாலும் பரவாயில்ல" என்றார். அவருக்கு இறால் வியாபாரம் இருக்கிறதா என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்ட முதற் கேள்வி அதுதான்.

"தம்பியின்ர இறால் வாடி ஒண்டு இருக்கு சேர். இந்த மாசம் ஏத்துமதிக்குக் கொஞ்சம் குடுக்க வேண்டியிருக்கு." சிரித்தார். "என்ன சேர், என்னையே குறுக்கு விசாரணை செய்யிறீங்க?"

அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த வழக்கை அவர் வெல்ல வேண்டியதில்லை. அதில் ஒரு வாதம்கூட நடக்க வேண்டியதில்லை. நம் நீதிமன்றங்களில் வழக்குகள் எப்படித் தேங்குகின்றன என்று அறிந்த ஒருவருக்கு, அந்தத் தேக்கமே தேவையான தீர்ப்பு. பொதுநலம் என்ற பெயரில் உள்ளே நுழைய ஒரு சட்டத்தரணியின் நல்ல பெயர் வேண்டும். அதன் பின் திகதிகள் போதும். நல்ல பெயரை நான் இலவசமாகக் கொடுத்திருந்தேன்.

வழக்கு கூப்பிடப்படும்வரை எனக்கு இருபது நிமிடங்கள் இருந்தன. செய்ய வேண்டியது தெளிவு. எழுந்து, மனுவின் பதினோராம் பந்தி உண்மைக்குப் புறம்பானது, தடையை இத்துடன் முடிவுறுத்தும்படி கேட்கிறேன் என்று கூற வேண்டும். ஒரு நிமிடம் எடுக்கும். அந்த ஒரு நிமிடத்தை மனதில் ஓட்டிப் பார்த்தேன். நிறைந்த மன்றம். முன்வரிசையில் என்னிடம் தொழில் பழகியவர்கள். எதிரே அரச தரப்பில் நிற்பவரும் ஒருகாலத்தில் என் கனிஷ்டர். நான் எழுதிய வாக்கியத்தை நானே பொய்யென்று வாசிக்க வேண்டும். ஒரு வியாபாரியிடம் ஏமாந்தவன் என்று மாலைக்குள் நகரம் பேசும். முதலில் கச்சேரிக்குப் போய்க் குறிப்பின் மூலப்பிரதியைப் பார்க்கலாம், இரண்டு நாளில் ஒழுங்கான முறையில் மனுவைத் திருத்தலாம், அவசரப்படுவது பொறுப்பற்ற செயல் என்று எனக்கு நானே வாதாடினேன். நான் வாதாடிய வழக்குகளில் அவ்வளவு இலகுவாக வென்றது வேறு எதுவுமில்லை.

வழக்கு கூப்பிடப்பட்டது. எழுந்தேன்.

"கனம் நீதிபதி அவர்களே, சொந்தக் காரணத்தின் நிமித்தம் ஒரு தவணை கோருகிறேன்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் தவணை கேட்டு நான் கண்டதில்லை. காரணம் கேட்கமாட்டேன்" என்றார். பிறகு அரச சட்டத்தரணியைப் பார்த்தார்.

அந்த இளைஞர் ஆயத்தமாக வந்திருந்தார். அவருடைய கையில் அதே கூட்டக் குறிப்பின் பிரதி இருந்ததை நான் கண்டேன். அவர் வாய் திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் தடை போயிருக்கும். அவர் என்னைப் பார்த்தார், கடதாசியைக் கோப்புக்குள் திருப்பி வைத்தார், நாடாவைக் கட்டினார். "ஆட்சேபனை இல்லை" என்றார்.

பதிவாளர் நாட்குறிப்பைப் புரட்டினார். மார்கழி விடுமுறைக்கு முன்னர் ஒரு நாளும் வெறுமையாக இல்லை. விடுமுறை முடிந்து முதலாவது வாரத்தில் ஒரு திகதி தரப்பட்டது. தடை அதுவரை நீடிக்கப்பட்டது. நான் எண்ணியிருந்தது இரண்டு நாள். கிடைத்தது இருபத்தாறு நாள். என் வேண்டுகோளுக்கு நானே எப்படி ஆட்சேபிப்பது? கடைசி வாங்குக்குப் பின்னால் பூமணி ஈரச் சேலையுடன் நின்று, என்ன நடந்ததென்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கவாசலால் வெளியேறினேன்.

மறுநாள் தண்ணீர் கோட்டைத் தொட்டது. அதற்கு மறுநாள் கோட்டைக் காணவில்லை.

வழக்கை முன்கூட்டி எடுக்கும்படி நகர்த்தல் பத்திரம் ஒன்றை எழுதினேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் கிழித்தேன். இறுதியில் அந்தப் பத்திரத்தை அரச சட்டத்தரணிதான் தாக்கல் செய்தார். விடுமுறைக்கால நீதிபதி ஒருவர் முன் தடை நீங்கியது. அன்று மாலையே மணல் வெட்டப்பட்டது. அப்போது அந்த வட்டை ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்திருந்தது. வாடியிலிருந்து இறால் ஏற்கெனவே கொழும்புக்குப் போய்விட்டது.

அந்த வழக்கிலிருந்து நான் விலகினேன். விலகியபோதும் காரணம் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. வழக்கு பட்டியலில் ஆறு ஆண்டுகள் கிடந்தது. மனுதாரர் வரவில்லை, நோட்டீஸ் திரும்பிவிட்டது, நீதிபதி இடமாற்றம் என்று தவணைமேல் தவணை. ஒரு நாள் யாரும் இல்லாத மன்றத்தில் தள்ளுபடி செய்யப்பட்டது. அந்த ஆறு ஆண்டும் அது வேறெவரோ ஒருவருடைய உண்மையான வழக்கின் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

பொதுநல வழக்கை வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குரலற்றவருக்கு அதைவிட வேறு வழியில்லாத நாட்களை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது; அவற்றுள் சிலவற்றில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் பொதுமக்கள் சார்பில் என்று எழுதும் முன், அந்தப் பொதுமக்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு தடவை போங்கள். தடை கிடைத்தால் நட்டப்படப் போகிறவர் யார் என்று தேடுங்கள். பெரும்பாலும் அவருடைய பெயர் மனுவில் இராது. தீர்ப்பைவிடத் தவணையை விரும்பும் கட்சிக்காரரைக் கண்டால் அந்த நிமிடமே எழுந்து சொல்லிவிடுங்கள். உங்கள் எதிரே நிற்பவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும், தடையொன்று நடைமுறையில் இருக்கும்போது அவர் கேட்கும் தவணைக்குக் காரணம் கேளுங்கள். அன்று என்னிடம் ஒருவர் கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்கமாட்டேன் என்று நம்ப விரும்புகிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தைப்பொங்கல் கழிந்த வாரம் படுவான்கரைக்குப் போனேன். பூமணியிடம் நடந்ததைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்திருந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியங்களை வழியெல்லாம் அமைத்துக்கொண்டே சென்றேன். வெள்ளம் வடிந்த வயலில் அழுகல் நாற்றம் இருந்தது. அவர் தனியாக, கறுத்துப்போன தாள்களைப் பிடி பிடியாகப் பிடுங்கி வரம்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

காணியைப் பற்றிக் கேட்டேன்.

"அடுத்த போகம் வேற ஆளாம் ஐயா. போடியார்ர மகன் வந்து சொல்லிட்டுப் போறான்."

பிறகு ஏன் இதைப் பிடுங்குகிறீர்கள் என்றேன்.

"அழுகினதோட எப்பிடிக் குடுக்கிற? எடுத்தாப் போலதானே குடுக்கணும்." கையைச் சேலையில் துடைத்தார். "வெளிநாட்டு வேலைக்குப் போக பாஸ்போட்டுக்குக் குடுத்திருக்கன். மாசிக்குள்ள வந்திருமாம். தங்கச்சி புள்ளைகளப் பாப்பாள்."

"அன்றைக்கு நீதிமன்றத்தில்..." என்று நான் தொடங்கினேன்.

"அத நான் கேக்கணும் எண்டு நெனச்ச ஐயா" என்று அவர் இடைமறித்தார். "இந்த ஒடம்போட இவ்வளவு தூரம் ஏன் வந்தீங்க? அண்டைக்கு நீங்க பக்கவாசலால போனத நான் பின்னால நிண்டு கண்ட. ஐயா ஒருநாளும் தவணை கேக்காதவர், பெரிய நோய் வருத்தமாத்தான் இருக்கும் எண்டு அங்க எல்லாரும் கதைச்சாங்க. சீனித்தம்பி அண்ணன் ஏசினார். நாந்தான் சொன்ன, கடுதாசிய வாங்கி வெச்ச மனிசன், பாவம், அந்த நேரம் பாத்து வருத்தம் வந்திட்டு எண்டு. மாமாங்கக் கோயில்ல ஒங்கட பேருக்கு ஒரு அருச்சனையும் வெச்ச." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இப்ப எப்பிடி ஐயா?"

"இப்போது பரவாயில்லை" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லி, அவர் குனிந்து அடுத்த பிடியைப் பிடுங்கினார்.